பழைய மாருதி 800: டேப்பட் கவர் ஆயில் கசிவை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

1983 இறுதி முதல் 2014 தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 இன்னும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஆயில் கசிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் எஞ்சினின் உச்சியிலுள்ள மூடியான டேப்பட் கவர். அதற்கும், சிலிண்டர்களின் மேலே அமர்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பேக்கிங், ஆண்டுக்கணக்கில் சூடு தாங்கி இறுகிப்போவதால் ஆயிலைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடுகிறது.

ஆயினும் பேக்கிங் வாங்குவதற்கு முன் கசிவின் பிறப்பிடத்தை உறுதிசெய்யுங்கள். என்னைப் பொறுத்தவரை, இந்த வேலையில் பாதி இதுதான். மேலே கசியும் ஆயில் எஞ்சின் மீது வழிந்து அடியிலுள்ள ஆயில் சம்ப்பின் (ஆயில் தேங்கும் தொட்டியின்) வெளிப்புறத்தில் வந்து சொட்டும். வண்டி ஓடும்போது காற்றும் அதை நாலாபுறமும் பரப்பிவிடும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவுசெய்தால், நல்ல பேக்கிங்கைக் கழற்றிவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டுவிடுவோம். ஆறிய எஞ்சினை டீகிரீசர் (ஆயில் பிசுக்கை நீக்கும் திரவம்) தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள்; பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மீதோ மின்வயர்கள் மீதோ தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். பிறகு கவரின் விளிம்பைச் சுற்றிச் சிறிதளவு முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதுவே கசிவின் தொடக்கம். கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் அது பெரும்பாலும் கிராங்க் ஆயில் சீல், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம், கெட்டதால் வருவது. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய அந்த வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

கசிவு கவரில்தான் என்று உறுதியானபின், எஞ்சின் முழுவதும் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஆயிலை வடிக்கத் தேவையில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியையும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் எடுத்துவிடுங்கள். பிளக் வயர்கள் குறுக்கே வந்தால் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிட்டே அகற்றுங்கள், ஏனெனில் இடம் மாறினால் எஞ்சின் சரியாக ஓடாது. போல்ட்டுகளைக் கழற்றியும் கவர் வரவில்லையென்றால், ஸ்குரூடிரைவர் செருகி நெம்பாமல், மரச் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள்.

ஹெட்டின் மேல்பரப்பு அலுமினியம் என்பதால், ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங் துணுக்குகளை பிளாஸ்டிக் அட்டையாலோ மரச் சிம்பாலோதான் சுரண்ட வேண்டும். துணுக்குகள் உள்ளே விழாதபடி திறந்த பகுதியைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள்; வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்கவே கூடாது. இரு பரப்புகளும் ஆயில் பிசுக்கின்றி உலர்ந்திருக்க வேண்டும்.

புதிய பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் முறுக்கின்றிப் பதியுங்கள். சிலிகான் பேஸ்ட்டை விளிம்பு முழுவதும் தடவுவது பலரின் வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. உள்ளே பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து, சம்ப்பிலுள்ள ஆயில் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கே ஆயில் கிடைக்காமல் போகும். மூலைகளில் மட்டும் மெல்லிய பொட்டாக வைப்பது போதும். போல்ட்டுகளை முதலில் கையால் திருகிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். கசிவு நிற்கட்டும் என்று பலங்கொண்டு இறுக்கினால் பேக்கிங் நசுங்கும், கவர் வளையும், போல்ட் திருகும் அலுமினிய மரையும் பிய்ந்துவிடும்.

மாட்டும் முன் பிரீதர் குழாயை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் சேர்ந்து, புதிய பேக்கிங்கையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். சிலிகான் வைத்திருந்தால் டியூப்பில் எழுதியுள்ள நேரம் வரை உலரவிட்டு, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சியில்) ஆயில் அளவைச் சரிபார்த்தபின் எஞ்சினை இயக்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில்) முன்பே சிந்திய ஆயில் கருகுவதால் சிறிது நேரம் புகை வரலாம். அன்றிரவு வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.