வலது கை கற்றது இடது கைக்குப் போகுமா? வீட்டிலேயே ஒரு கண்ணாடிச் சோதனை

போன வருடம் அம்மாவுக்கு (68 வயது) வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தபோது, பிசியோதெரபி செய்ய வந்தவர் இடது கையால் பந்தை அழுத்தச் சொன்னார். "உடைஞ்சது இந்தக் கை, வேலை அந்தக் கைக்கா?" என்று அம்மா கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் விஷயம் ரொம்பப் பழசு. ஒரு கையைப் பழக்கினால் பழக்காத கையும் கொஞ்சம் தேறும் என்று 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் காட்டியிருக்கிறார். மணிக்கட்டு உடைந்த, 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு நல்ல கையில் வலுப் பயிற்சி கொடுத்துக் கனடாவில் பார்த்திருக்கிறார்கள், 2013-ல் வந்த ஆய்வு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு 12-ஆம் வாரத்தில் உடைந்த கையின் பிடி நன்றாக இருந்தது.

வலு சரி. பழக்கமும் இப்படிக் கை மாறுமா, வயதானவர்களுக்கும் மாறுமா? கட்டுப் பிரித்துக் கை நன்றாகத் தேறிய பிறகு, கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின்மேல் கோடு வரையும் சோதனையைச் செய்து பார்த்தோம்.

1. தயாரிப்பு. ஒரு நட்சத்திரம், அதற்குள் அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு நட்சத்திரம், ஏ4 தாளில் முப்பது பிரதி. தாளுக்கு அந்தப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். கையை நேராகப் பார்க்க முடியாதபடி மேலே ஓர் அட்டை, இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்தால் போதும். பேனா சாதாரண பால்பாயிண்ட்தான். ஜெல் பேனா இழுகும், ஸ்கெட்ச் பேனா கோட்டையே மூடிவிடும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பேனாவில் நாலைந்து ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுங்கள்.

2. முதலில் இடது கை, ஒரே ஒரு தடவை. கண்ணாடியை மட்டும் பார்த்து இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சுற்று. நேரத்தையும், கோட்டைத் தாண்டிய இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்கோடு வந்ததும் பேனா முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் அதே இடத்தில் உழுதுகொண்டிருக்கும், அப்போது யாரும் உதவிக்குப் போகக் கூடாது.

3. இங்கேதான் நான் மாட்டினேன். முதல் நாள் அம்மா பாதி நட்சத்திரத்திலேயே பேனாவை வைத்துவிட்டார். நானும் வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் குற்றவாளி மூக்குக்கண்ணாடி! படிக்கிற கண்ணாடி சுமார் ஓர் அடி, ஒன்றேகால் அடி தூரத்துக்குத்தான் தெளிவு தரும். நிலைக்கண்ணாடியில் தெரியும் தாளோ, கண்ணிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து தாள் என்று இரண்டு தூரமும் சேர்ந்து இரண்டடிக்கு மேல் தள்ளி நிற்பதுபோல் தெரியும். அம்மா பார்த்தது வெறும் மங்கல். நாற்காலியை இழுத்துப் போட்டு, கோட்டைத் தடிமனாக்கி, மேஜை விளக்கு வைத்ததும் மறுநாள் முழுச் சுற்று முடித்தார். கை சரியில்லை என்று சொல்வதற்கு முன் கண்ணைப் பாருங்கள். இந்த மாற்றங்களை வீட்டில் சின்னவர்களுக்கும் அப்படியே வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

4. வலது கையால் பத்துத் தடவை. நடுவே ஒரு நிமிட ஓய்வு. எனக்கு நாலாவது தடவையிலேயே பிடிபட்டது, அம்மாவுக்கு எட்டு ஆனது. 'கிட்டே இழுத்தால் தூரப் போகிறது' என்ற விதியை மனசால் கண்டுபிடித்து வேலை வாங்குவதில்தான் வயது அதிகம் குறுக்கிடுகிறது. கை நேராகப் போனால் கணினித் திரையில் கர்சர் (சுட்டும் அம்பு) சாய்வாகப் போகும்படி திருகிவிட்டுச் செய்யும் பரிசோதனைகளில் முதியவர்கள் மெதுவாகத்தான் பழகுகிறார்கள். ஆனால் திருகலை எடுத்த பிறகு கை எதிர்ப்பக்கம் இழுக்கிறதே, அந்த மிச்சப் பழக்கம் பெரும்பாலும் இளையவர்களுக்கு இருக்கும் அளவு அவர்களுக்கும் இருக்கிறது. தானாகப் படியும் பகுதி அவ்வளவாகக் கெடுவதில்லை என்று அர்த்தம்.

5. மறுபடி இடது கை, ஒரு தடவை. நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வயதானவர்கள் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தப்பைக் குறைப்பார்கள். அம்மாவின் நேரம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் 31 இடத்தில் கோட்டைத் தாண்டிய இடது கை இப்போது 14-ல் நின்றது. எனக்கு இரண்டுமே குறைந்தன. இதை வைத்து யாருக்கு அதிகம் கை மாறியது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதியவர்களுக்கு இது குறைகிறது என்று காட்டும் ஆய்வும் உண்டு, அப்படியே இருக்கிறது என்று காட்டும் ஆய்வும் உண்டு.

மறுநாள் காலையிலும் ஒருமுறை வரையச் சொல்லிப் பாருங்கள். தூங்கி எழுந்ததும் கிடைக்கும் முன்னேற்றம் பொத்தான்களை விரல்களால் ஒரே வரிசையில் தட்டிப் பழகும் பயிற்சிகளில் முதியவர்களுக்குக் குறைவாகவே வருகிறது, ஆகவே அன்றன்றைக்குப் பழகுவதுதான் கணக்கு. பழகிய நினைவே இல்லாமலும் கை தேறும் என்பது வேறு கதை: 1953-ல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நினைவுகள் தங்காமல் போன ஹென்றி மோலேசன், உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்த இதே நட்சத்திரத்தை மூன்று நாளில் நன்றாக வரையத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுசுதான்!

பின்சேர்க்கை 1: "முதல் தடவை இடது கையால் வரைந்ததே ஒரு பயிற்சிதானே, வலது கையால் என்ன லாபம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, நான் யோசிக்கவே இல்லை. அதனால் பெரியம்மாவை இடது கையால் ஒருமுறை வரையச் சொல்லி, நாற்பது நிமிடம் பேப்பர் படிக்க வைத்து, மறுபடி வரையச் சொன்னேன். அவருக்கும் தப்பு குறைந்தது, ஆனால் நாலைந்துதான். நீங்களும் வலது கையால் பழகாத ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: நட்சத்திரத்துக்குப் பதில் சதுரம் போடலாமா என்றால், வேண்டாம். தாளுக்கு எதிரே நிற்கும் கண்ணாடி கிட்ட-தூரத்தை மட்டும்தான் மாற்றுகிறது, இடம்-வலம் அப்படியே இருக்கும். சதுரத்தில் பாதிக் கோடுகள் சும்மா வந்துவிடும். சாய்கோடுதான் ஆளைத் திணறடிப்பது. அம்மா இப்போது கண்ணாடி பார்த்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார், அதற்கு எப்படி மார்க் போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை.