பல்லில் வெள்ளைத் திட்டா? முதலில் இதையெல்லாம் நிறுத்துங்கள்

சொத்தை என்றாலே கறுப்புக் குழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, பெரும்பாலும் ஈறு ஓரமாக, பளபளப்பே இல்லாத சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு திட்டு வரும். பல்லின் கடினமான வெளியடுக்கான எனாமலுக்குள் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்துகொண்டிருக்கின்றன, ஆனால் மேற்பரப்பு இன்னும் உடையவில்லை என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் பல்லைத் துளைக்காமலே சரிசெய்ய வழி உண்டு. குழி விழுந்த பிறகு எந்தப் பற்பசையாலும் அதை மூட முடியாது, ஏனென்றால் எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததுமே அழிந்துவிடுகின்றன.

வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. எனாமலில் நரம்பே கிடையாது, அப்புறம் எப்படி வலிக்கும்?

அடுத்தது, கறை என்று நினைத்துத் தேய்ப்பது. எலுமிச்சைச் சாறு, கரித்தூள், கடினமான பிரஷ் எல்லாமே ஏற்கெனவே பலவீனமான அந்த மேற்பரப்பை இன்னும் கெடுக்கும். தயவுசெய்து வேண்டாம். நகத்தாலோ ஊசியாலோ சுரண்டிப் பார்க்கவும் கூடாது, உள்ளே பொள்ளலாக இருக்கும் இடம் அப்படியே குழியாகிவிடும்.

பல் துலக்கியதும் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிப்பது நல்ல பழக்கம்போலத் தெரியும், ஆனால் பற்பசையில் இருக்கும், எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு அதோடு போய்விடுகிறது. நுரையைத் துப்பினால் போதும். பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசை நல்லது, அளவு டியூபிலேயே போட்டிருக்கும். இரவில் துலக்குவதை மட்டும் விடவே விடாதீர்கள், தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், கரைந்த தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த எச்சில்தான்.

இனிப்பு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப்போலவே எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் கூடி, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். ஒரு கோப்பைச் சர்க்கரைத் தேநீரை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் அந்த நேரமே கிடைக்காது.

வீட்டு வைத்தியமே போதும் என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பதும் தவறு. எல்லா வெள்ளைத் திட்டும் சொத்தை அல்ல, பல் உருவாகும்போதே வந்ததாகவும் இருக்கலாம். சொத்தைதான் என்றால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், அல்லது ரெசின் என்ற மெல்லிய பிசின் போன்ற திரவத்தை உள்ளே ஊறவிட்டு அடைப்பார்கள். சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற வெள்ளி கலந்த மருந்தும் சொத்தையை நிறுத்தும், ஆனால் சொத்தைப் பட்ட இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், முன்பல் என்றால் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பால்புரத அலர்ஜி உள்ளவர்கள் கேசீன் என்ற பால்புரதம் கலந்த, பல்லில் பூசும் தாதுக் கிரீம்களைத் தொடவே கூடாது.

சில மாதம் ஒழுங்காகச் செய்தும் வெள்ளை போகவில்லையே என்று மனம் தளர வேண்டாம். திட்டு வழவழப்பாகி மினுமினுப்பு வந்திருந்தால், நிறம் அப்படியே இருந்தாலும் சொத்தை பெரும்பாலும் நின்றுவிட்டது என்றுதான் பொருள்.