ஊர்க் குளத்துக்காகப் பெற்றோர் கிராம சபையில் பேசுவது எப்படி?

குமரி மாவட்டப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் நாள் வந்தால் பிள்ளைகளை ‘மரம் வளர்ப்போம்’ என்று வரைய வைக்கிறோம். வரையட்டும். ஆனால் நாம் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளாகச் சொல்கிறேன்: ஊர்க் குளத்திலிருந்து தொடங்குங்கள்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரப்பதத்தை ஏந்தும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. 2017இல் ஒக்கி புயலையும் 2021 நவம்பரில் வெள்ளத்தையும் பார்த்துவிட்டோம். நம் பிள்ளைகள் இன்னும் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீரைத் தாங்கவும் கோடையில் கிணறு ஊறவும் குளம்தான் வேண்டும்.

முதலில் குளத்தின் புல எண்ணை (சர்வே எண்) கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். ஊர் நிலங்களின் விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அதன் பரப்பு இருக்கும். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவருடன் கரையைச் சுற்றி நடங்கள், பிள்ளைகளும் வரட்டும். எங்கள் குளத்து மறுகாலில், அதாவது குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், கட்டடக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். அதன்மேல் சேம்பு முளைத்து, வெறும் மேடாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா கைத்தடியால் குத்திக் காட்டிய இடத்தைக் கிளறியபோது கருங்கல் படி தட்டுப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். தனியாகப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். அந்த அம்மாக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவில் ‘குளத்தைப் பாதுகாக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: ‘இந்தப் புல எண்ணிலுள்ள குளத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும்; மறுகால் அடைப்பை ஐப்பசி மழைக்கு முன் அகற்ற வேண்டும்.’

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பலரும் அப்படித்தான் போகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். தீர்மானத்தை எழுதியபின் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன புல எண் அதில் இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். நகலும் கேட்டு வாங்குங்கள்.

நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம். அங்கே கிராம சபை கிடையாது. அப்பகுதியினர் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நடவடிக்கை இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், தீர்மானத்தின் மீது என்ன செய்யப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள்.