பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் பாகுபாட்டைக் களைவது எப்படி

சமவாய்ப்பு, பாகுபாடின்மை என்று பேச்சு எழுந்தால், அதெல்லாம் பெங்களூருவின் கணினி நிறுவனங்களுக்கு உரியவை என்று சேலத்துப் பட்டறைக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வதுண்டு. வெள்ளிப் பட்டறைகளுக்கும் சிறு ஜவுளிக் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் பார்த்த வரையில், சிறிய இடத்தில்தான் இதைச் சீர்செய்வது எளிது. முடிவெடுப்பவர் ஒருவரே என்பதால், அவர் நினைத்தால் நாளைக் காலையிலேயே மாற்றிவிடலாம். முதலாளி நல்லவரா என்பது இரண்டாம் பட்சம். ஏற்பாடு கோணலாக இருந்தால் நல்ல மனிதரின் பட்டறையிலும் பாகுபாடு தானாகவே நடக்கும். ஆகவே இங்கே சொல்பவை எல்லாம் ஏற்பாடுகளைப் பற்றியவை.

முதலில் ஆள் சேர்ப்பு. செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ ஒரு பட்டறைக்கு ஆள் தேவைப்பட்டால், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் வாய்வழியாகத்தான் செய்தி போகிறது. அதனால் வருபவர்களும் ஒரே தெரு, ஒரே உறவுமுறை என்றே அமைகிறார்கள். வெள்ளியைக் கையில் கொடுக்கும் தொழிலில் தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது நியாயமான கவலை என்பதால், இந்த வழியை அடியோடு விடச் சொல்லவில்லை. அதே செய்தியை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் எழுத்தில் அனுப்பிவையுங்கள். வருகிற எல்லோருக்கும் ஒரே வேலையை, ஒரே நேர அளவில் செய்யக் கொடுத்து, செய்த பொருளில் பெயருக்குப் பதில் எண்ணை ஒட்டி, அதைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

நேர்காணலில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. அது கேட்பதற்கு மிகவும் சாதுவாக இருக்கும். “எந்த ஊருங்க?” என்று தொடங்கி, “அங்க எந்தப் பக்கம்?” என்று நகர்ந்து, “கோயில் தெருவா, அதுக்கு அந்தாண்டையா?” என்று முடிகையில், கேட்டவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடுகிறது. 1944 ஆகஸ்ட் 27 அன்று இதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்பது அங்கே அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானத்தில் ஒரு பகுதி. பெயரிலிருந்து பட்டம் போய்விட்டது. விசாரிப்பு தெருவின் பெயருக்கு இடம் மாறிக்கொண்டது. தெருவைக் கேட்க வேண்டிய தேவை முகவரிச் சான்றை வாங்கும்போதுதான் வரும். அதற்குள் வேலை உறுதியாகியிருக்க வேண்டும்.

அடுத்து கூலி. இதில்தான் அதிகப் பிசகு இருக்கிறது, மறைவாகவும் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்று 1976-லேயே தனிச்சட்டம் வந்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் ஊதியத்தில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் பட்டறைகளில் வேலைக்கு இரண்டு பெயர் வைத்துவிடுகிறார்கள்: ஆண் பற்றவைத்தால் அது தொழில், பெண் பற்றவைத்தால் அது கைவேலை. பேரேட்டில் ஆட்களின் பெயர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு, என்ன வேலை, எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்ற மூன்று பத்திகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடியாத வரிகளை அடையாளம் இடுங்கள். அந்த வரிகளில் குறைந்த கூலியை உயர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். உயர்ந்ததைக் குறைத்துச் சமமாக்குவது சமத்துவம் அல்ல.

வீட்டில் உட்கார்ந்து கொலுசு வேலை செய்து தரும் பெண்களை இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, முடிந்த வேலையை எடை போட்டு வாங்கி, சேதாரம் போகக் குறைவதைக் கூலியில் பிடிப்பது வழக்கம். மின்னணுத் தராசின் எண்கள் முதலாளி பக்கம் பார்த்து ஒளிரும். எதிரில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிவது தராசின் முதுகுதான். சீட்டில் எழுதியதை அவர் நம்பி வாங்கிப்போக வேண்டும். தராசைத் திருப்பி வையுங்கள், அல்லது இருபுறமும் எண் தெரியும் தராசை வாங்குங்கள். கொடுத்தபோது இருந்த எடையும் வாங்கியபோது இருந்த எடையும் அவர் கையிலுள்ள சிறு நோட்டில் ஏற வேண்டும். எனக்குத் தெரிந்து, இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சச்சரவைத் தீர்க்கும் மாற்றம் வேறில்லை.

இடவசதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் அரை அடி உயரப் படி இருந்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் ஆறடி நீளச் சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலி ஏறும். வெள்ளி மூட்டையும் அதில் ஏறும். ஜவுளிக் கடையென்றால், 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி பணியாளர்கள் உட்கார இருக்கை தந்தாக வேண்டும். இருக்கையைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை முறைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. பெண்களுக்குப் பூட்டக்கூடிய தனிக் கழிப்பறை வேண்டும். அதைக் கழுவும் வேலை எப்போதும் ஒரே ஆளிடம் போய்ச் சேருகிறதா, அவருக்கு மட்டும் தேநீர் காகிதக் குவளையில் வருகிறதா என்றும் பாருங்கள். குவளைகள் எல்லாம் ஒரே வகையாக, ஒரே தட்டில் இருக்கட்டும். முதலாளியின் கல்லூரி வயது மகன், தாத்தா வயதுத் துப்புரவுப் பணியாளரை “வா, போ” என்று கூப்பிடுவதை அந்த வீட்டுப் பெரியவர்தான் நிறுத்த முடியும்.

சேலத்தில் ஒரே பட்டறைக்குள் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசுகிறவர்கள் தமிழில் கலந்து வேலை செய்வது புதிதல்ல. இப்போது இந்தி பேசும் வடமாநிலத்தவரும் சேர்ந்திருக்கிறார்கள். அமிலத் தொட்டிக்கும் பற்றவைக்கும் இடத்துக்கும் மேலே படத்தோடு கூடிய எச்சரிக்கை, அவரவர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். விடுமுறையிலும் இதே கவனம் தேவை. நான்கு தேசிய விடுமுறைகளுக்கு மேல் வரும் பண்டிகை விடுமுறைகளை முதலாளி வீட்டு நாட்காட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே ஓய்ந்திருக்கும், சரி. ஆனால் ரம்ஜானும், மே மாதத்துச் சேர்வராயன் கோயில் விழாவும் யாருக்கோ அதே அளவு முக்கியம். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வருபவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். மழை நாளில் பேருந்து தாமதமானால் அரை நாள் சம்பளத்தை வெட்டுவதைவிட, அவருக்கு வேலை நேரத்தை அரை மணி தள்ளி வைப்பது மேல். சிலர் முணுமுணுப்பார்கள், கிளம்பும் நேரமும் அரை மணி தள்ளிப்போகிறது என்று காட்டுங்கள்.

இறுதியாக, புகார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம்: தலைமை ஒரு மூத்த பெண் பணியாளர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துக்குக் கீழே இருந்தாலோ, புகார் முதலாளியின் மீதே என்றாலோ, மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்த முகவரியைச் சுவரில் எழுதி வையுங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது, ஊனத்தைக் கேலி செய்தது போன்ற புகார்களைக் கேட்க, முதலாளியின் உறவினர் அல்லாத இருவரைத் தனியே குறிப்பிடுங்கள்.

புகார் வந்தவுடன், “கொஞ்ச நாள் வீட்டிலேயே இரும்மா, நாங்க பேசிக்கிறோம்” என்று புகார் கொடுத்தவரை அனுப்பிவிடுவது நம்மிடம் ஊறிய பழக்கம். அவரே எழுத்தில் கேட்டால் மட்டுமே விசாரணை முடியும்வரை விடுப்போ இடமாற்றமோ தர வேண்டும். இடம் மாற வேண்டியவர் எதிர்த்தரப்பாகவும் இருக்கலாம். அந்த விடுப்பைப் புகார் கொடுத்தவருடைய வழக்கமான விடுப்புக் கணக்கில் கழிக்காமல், பேரேட்டில் தனி வரியாக எழுதுங்கள்.