புதுச்சேரிக் கடலடியை அளப்போம்: ஒரு படகு, ஒரு எக்கோ சவுண்டர், சில பை மண்

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருமிடத்தில் 1980களின் பிற்பாதியில் துறைமுகத்துக்காக இரண்டு கல் தடுப்புகள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை போய்க் கருங்கல் குவியல் வந்தது. இதெல்லாம் கரையில் நடந்தாலே தெரியும். தண்ணீருக்கடியில் நடப்பதை அளந்துதான் பார்க்கவேண்டும்.

படி 1: கோடு போடுங்கள்

கரைக்குச் செங்குத்தாக ஆறு கோடுகள் போதும்: முகத்துவாரத்துக்குத் தெற்கே மூன்று, வடக்கே மூன்று. ஒவ்வொன்றும் கரையில் அசையாத ஓர் அடையாளத்தில் தொடங்கி 10 மீட்டர் ஆழம் வரை போகட்டும். இவற்றை வெட்டும்படி கரைக்கு இணையாக ஒரு கோடு. வெட்டும் இடங்களில் இரண்டு ஆழமும் ஒத்துப்போகிறதா என்று பிறகு பார்க்கலாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. விடியற்காலையில், கடற்காற்று எழுமுன் கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். உள்ளூர் மீனவர் படகையே அமர்த்துங்கள். ஆழத்தை அவர்கள் பாகத்தில் சொல்வார்கள்: விரித்த இரு கைகளின் நீளம், ஏறத்தாழ 1.8 மீட்டர். சேறு எங்கே, பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் பாதி வரைபடம் கரையிலேயே ஆகிவிடும்.

படி 2: கருவியைச் சோதியுங்கள்

ஜிபிஎஸ் உள்ள 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் போதும். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அது ஆழத்தைக் கணக்கிடுகிறது. நம் வெதுவெதுப்பான கடலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் போகும். கருவி 1500 என்று வைத்திருந்தால் 10 மீட்டர் ஆழம் 9.74 என்று வரும். இதற்கு மருந்து எளிது: ஒரு இரும்புத் தட்டைக் கயிற்றில் கட்டி, கருவிக்கு நேர்கீழே 2, 4, 6 மீட்டரில் இறக்கிப் பாருங்கள். வித்தியாசத்தைத் திருத்துங்கள். கருவியின் முகம் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் கூட்ட மறக்காதீர்கள்.

அலை உடையும் பட்டைக்குள் படகை விடவேண்டாம். அந்த இடைவெளியை வத்த நேரத்தில் (நீர் இறங்கியிருக்கும்போது) அளவுகோலோடு கால்நடையாக நிரப்பலாம்.

படி 3: ஓதத்தை (கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை) கழியுங்கள்

முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். வரைபடம் அழகாகத்தான் வந்தது. காலையில் போன அதே கோட்டில் மதியம் போனபோது கடலடி அரை மீட்டர் வரை ‘இறங்கியிருந்தது’. இறங்கவில்லை, நீர் ஏறியிருந்தது. ஒரு நாள் வேலையும் டீசலும் வீண்.

இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். ஆகவே துறைமுகத்துக்குள் ஒரு அளவுகோலை நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் மட்டம் குறிக்கட்டும். கருவியின் கடிகாரமும் அவருடைய கடிகாரமும் ஒரே நேரம் காட்டவேண்டும். அளந்த ஆழத்திலிருந்து அந்த நேரத்து மட்டத்தைக் கழித்தால்தான் அது வரைபடத்துக்கு ஆகும் எண்.

படி 4: மண் எடுங்கள்

வான் வீன் கிராப் என்பது இரண்டு தாடைகள் கொண்ட கொக்கி வாளி. தரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்ததும் கொக்கி விடுபடும். இழுக்கும்போது வாய் மூடும். ஒவ்வொரு கோட்டிலும் 2, 4, 6, 8, 10 மீட்டரில் ஒவ்வொரு பை. தாடையில் சிப்பி சிக்கி வாய் பாதி திறந்தபடி வந்தால், எவ்வளவு மண் இருந்தாலும் கொட்டிவிடுங்கள். நுண்மண் வழியிலேயே ஒழுகியிருக்கும். அந்த மண்ணைச் சலித்தால் இல்லாத கரடுமணல் கிடைக்கும். கிராப் தரையைத் தொடும் கணத்தில் இடத்தைக் குறியுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளும் ஒன்று போடுங்கள். மார்க்கர் மை உப்புநீரில் அழியும்.

படி 5: சலியுங்கள்

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி உலர்த்துங்கள். கழுவிய நீரை மண் முழுக்கத் தெளிந்த பிறகே வடியுங்கள். மண்ணைக் கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளை எடுத்து, இப்படியே 100 கிராம் வரை குறைக்கவும். சல்லடைகள் 2, 1, 0.5, 0.25, 0.125, 0.063 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போடுங்கள். 0.063-க்குக் கீழே போனது வண்டலும் களியும்.

கருப்பும் சிவப்புமாக மினுங்கும் துகள்கள் கண்டால் அவை பெரும்பாலும் இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள். சிறியவை, ஆனால் கனமானவை. துகள் சிறியது என்பதை மட்டும் வைத்து ‘இங்கே அலை சாது’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 6: வரைபடம்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளை ஏற்றி முக்கோண வலையாக இணைத்தால் சமஆழக் கோடுகள் கிடைக்கும். ஒற்றைப் புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாக வந்தால் அது பெரும்பாலும் கடலடி அல்ல, கணக்கின் கோளாறு. மணல் திட்டுகள் கரைக்கு இணையாக நீளும். படகு போன கோடுகள் ஒன்றுக்கொன்று தொலைவாக இருந்தால் மென்பொருள் அவற்றைத் துண்டு துண்டாக்கிவிடும்.

மீதி மண்ணைப் பையோடு வைத்திருங்கள். அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதே கோடுகளில் மறுபடி போகும்போது அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.