செந்தூராவும் ஏழு குள்ளரும்: தேவதைக் கதையை டீன் ஏஜ் ஃபேன்டசியாக எழுதும் முறை

பழைய தேவதைக் கதையை நம் ஊருக்குக் கொண்டுவர உட்காரும் பலர் முதலில் கைவைப்பது பெயர்களில். அரண்மனை ஜமீன் பங்களாவாகும், ஆப்பிள் மாம்பழமாகும், இளவரசன் கலெக்டர் மகனாவான். மூன்றாவது அத்தியாயத்தில் கதை நின்றுவிடும். அந்த மாம்பழத்துக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. அது வேஷம் போட்ட ஆப்பிள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் பக்கத்து நர்சரிகளில் மா ஒட்டுக் கட்டுபவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. குச்சியை வேர்ச்செடியின் மேல் சும்மா வைத்துக் கட்டினால் பிடிக்காது. இரண்டையும் சீவ வேண்டும், சீவிய பச்சை பச்சையோடு படவேண்டும், ஈரம் காய்வதற்குள் கட்ட வேண்டும். கதையை ஒட்டுவதும் அப்படித்தான். அயல்கதையையும் வெட்ட வேண்டும், நம் ஊரையும் வெட்டிப் பார்க்க வேண்டும். ஸ்னோ ஒயிட் என்பது, பொறாமை பிடித்த அரசி கொல்லத் தேட, ஏழு குள்ளர் வீட்டில் ஒளிந்து, நஞ்சு ஆப்பிள் தின்று சாய்கிற பெண்ணின் கதை. அதைக் கிருஷ்ணகிரியில் நடப்பதாக வைத்தே படிப்படியாகப் பார்க்கலாம்.

எந்தப் பிரதியிலிருந்து தொடங்குவது

சின்ன வயதில் கேட்டதை நம்பி எழுதாதீர்கள். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பு முதலில் 1812-ல் வந்தது, கடைசித் திருத்தப் பதிப்பு 1857-ல். இடையில் கதைகள் மாறிக்கொண்டே வந்தன. 1812-ல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். முத்தத்தில் விழிப்பது 1937-ல் வந்த டிஸ்னி திரைப்படத்தின் சேர்க்கை. கிரிம் கதையில் கண்ணாடிப் பெட்டியைச் சுமப்பவர்கள் கால் தடுக்குகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய துண்டு வெளியே வருகிறது. இந்த வித்தியாசங்கள்தான் உங்களுக்கான இடம். ஒரு பதிப்பு மறைத்ததை உங்கள் நாவல் திறக்கலாம்.

படித்து முடித்ததும் ஒரு முழுத்தாளில் கதையை 12 முதல் 15 வரிகளாக எழுதுங்கள், வரிக்கு ஒரு சம்பவம். ஒவ்வொன்றுக்கும் எதிரே “இதை எடுத்தால் எது சரியும்?” என்று குறியுங்கள். பெரும்பாலும் நான்கு ஐந்துதான் தூணாக நிற்கும். ஸ்னோ ஒயிட்டில் அவை: இளமையை இழக்கப் பயப்படும் ஒருத்தி, வேட்டைக்காரன் சொல்லும் பொய், மூன்று முறை திறக்கும் கதவு, இருவர் பங்கிட்டுத் தின்னும் பழம், சாவு போலத் தெரியும் தூக்கம். மற்றதையெல்லாம் தள்ளலாம். அழகி யார் என்று அரசிக்குச் சொல்லும் மாயக் கண்ணாடியைக்கூட. அதை செல்போனாக மாற்றும் யோசனை எல்லோருக்கும் முதலில் வருவது, அதனாலேயே வேண்டாம்.

ஊரிலிருந்து என்ன எடுப்பது

தூண்களுக்கு எதிரே ஊர்ப் பொருள்களை எழுதுங்கள். அழகாக இருக்கிறது என்று எதையும் சேர்க்காதீர்கள். கதையில் அந்த இடத்துக்கு உள்ள வேலையை அந்தப் பொருள் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

கிரிம் கதையின் ஆப்பிள் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெளுப்பு. நஞ்சு சிவப்பில் மட்டும் இருக்கும். அரசி வெளுத்த பாதியைத் தானே தின்று நம்பவைப்பாள். இந்த வேலையைச் செய்யும் பழம் செந்தூரா மாம்பழம். வெயில் பட்ட பக்கம் சிவந்திருக்கும், மற்ற பக்கம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். கிளிமூக்கை வைத்தால் இந்தக் காட்சி நடக்காது. அது பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற பழம். நஞ்சு என்றதும் கார்பைடு கல் நினைவுக்கு வரும். அதையே நஞ்சாக்கினால் ஃபேன்டசி செத்து, கலப்படச் செய்தியாகிவிடும். வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். தோட்டத்தில் வளர்ந்த பெண் பழத்தை முதலில் முகர்ந்து பார்ப்பாள். கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்துக்கு மணம் இருக்காது. இதில் மணம் தூக்குகிறது, அதனால் நம்புகிறாள்.

குள்ளர்கள் மலையில் தாது தோண்டுபவர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதே மாவட்டத்து மல்லசந்திரத்தில் இறந்தோருக்காக எழுப்பிய பெருங்கற்காலக் கற்திட்டைகள் நிற்கின்றன: பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல், முகப்புக் கல்லில் வட்டமாக ஓர் இடுதுளை. இப்படிப்பட்டவற்றைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் “குள்ளர் வீடு” என்றே சொல்வார்கள். ஆக, உங்கள் ஏழு பேர் இரும்பு உருக்கியவர்கள். நாலாயிரம் வருடமாக அந்த வீட்டில் இருப்பவர்கள். கண்ணாடிப் பெட்டியும் இங்கேயே கிடைத்துவிட்டது. பெண்ணைக் கற்திட்டைக்குள் கிடத்தினால், துளை வழியாக முகம் தெரியும்.

இவ்வளவு சரியாகப் பொருந்தும்போது கை நிற்காது. தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி, நடுகல் வீரன், ஒகேனக்கல் பரிசல், அஞ்செட்டி யானை என எல்லாவற்றையும் உள்ளே போடத் தோன்றும். ஒரு நாவலுக்கு ஒரு மாயம் போதும். நெல்லிக்கனியை அடுத்த புத்தகத்துக்கு வையுங்கள்.

மாயத்துக்கு விதியும் விலையும்

டீன் ஏஜ் வாசகர் மாயத்தை நம்புவார், ஆனால் விதி மாறினால் புத்தகத்தை மூடிவிடுவார். விதியைப் புதிதாக யோசிப்பதைவிட, இருக்கிற தொழிலிலிருந்து எடுப்பது உறுதியானது. ஒட்டுக் கட்டும் தொழிலில் ஒரு விதி உண்டு: ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் முளைகளை அவ்வப்போது கிள்ள வேண்டும். விட்டால் அடியில் உள்ள நாட்டுச்செடியே ஓங்கி, ஒட்டு பட்டுப்போகும்.

இதை மாற்றாந்தாய்க்குக் கொடுங்கள். அவள் நர்சரிக்காரி. இளம்பெண்களின் வருடங்களைச் சீவித் தன்மேல் ஒட்டிக்கொள்கிறாள். விலை என்ன? தினமும் தன் உடம்பில் கிளம்பும் பழைய முளைகளைத் தானே கிள்ள வேண்டும். ஒருநாள் தவறினாலும் உண்மையான வயது வெளியே வரும். இப்போது வில்லியின் பலம், பயம், தோல்வி மூன்றும் ஒரே விதிக்குள் வந்துவிட்டன. விதியை முதல் கால்பகுதிக்குள் வாசகர் கண்ணில் காட்டிவிடுங்கள், விளக்கமாக வேண்டாம். அவள் கழுத்தோரம் எதையோ கிள்ளி எறிகிறாள், தரையில் ஒரு தளிர் கிடக்கிறது, அவ்வளவு போதும். கடைசியில் புதிதாக விதி சேர்த்தால், அது எவ்வளவு நல்ல விதியானாலும், ஏமாற்றினதாகவே படும்.

வயதைக் கூட்டினால் உடையும் இடம்

அதிகம் பேர் தோற்பது இங்கேதான். கிரிம் கதையில் கண்ணாடி முதன்முதலில் அவள் பெயரைச் சொல்லும்போது ஸ்னோ ஒயிட்டுக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பெண் எச்சரிக்கையை மறந்து மூன்று முறை கதவைத் திறக்கலாம். பதினாறு வயதுப் பெண் திறந்தால் அதே வயது வாசகிக்குக் கோபம்தான் வரும். ஆகவே மூன்று திறப்புக்கும் மூன்று வெவ்வேறு காரணம் வேண்டும், ஒவ்வொன்றிலும் அவள் அறிவு கூட வேண்டும்.

முதல் முறை ஏங்கித் திறக்கிறாள். வந்தவள் அம்மாவின் பொருள் ஒன்றைக் காட்டுகிறாள். மூலத்தில் இங்கே வருவது உடம்பை இறுக்கும் நாடா. ஒட்டுக் கட்டும் நாடாவாக்கினால் மாயத்தோடு சேர்ந்துவிடும். இரண்டாம் முறை, வெளியே யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்ற இரக்கம். மூன்றாம் முறை தெரிந்தே திறக்கிறாள். பங்கிட்டுத் தின்ற பழம் இருவரையும் ஒரே செடியாக்கும் என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். தான் தூங்கினால் சின்னம்மாவின் கையும் தூங்கும், கிள்ள ஆளிருக்காது, முளை ஓங்கும். மூலக்கதையில் ஏமாறுகிற இடம் இங்கே அவள் எடுக்கும் முடிவாகிவிட்டது. மூலத்தில் அரசியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடவைத்துக் கொல்வார்கள். இங்கே யாரும் தண்டிக்கவே தேவையில்லை.

வேறு கதை எடுத்தாலும் இதே சோதனையைப் போடுங்கள். நூறு வருடம் தூங்கும் இளவரசி கதையில், கிரிம் பதிப்பின்படி கடைசி இளவரசன் வரும்போது நூறு வருடம் முடிந்துவிட்டது. முள்வேலி தானே பூவாகி வழிவிடுகிறது. அவன் எதுவும் செய்யவில்லை. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியை அந்தக் கதைக்குள் கொண்டுவந்தால் வேறொரு கேள்வி எழும். நீளமான இழை வேண்டுமென்றால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவருமுன் கூட்டை அவிக்க வேண்டும். அப்படியானால் இவள் விழிக்காமல் இருப்பதில் யாருக்கு லாபம்? நாவல் அந்த ஆளிடமிருந்து தொடங்கும்.

கட்டாயம் வெட்ட வேண்டியவை

தூங்கும் பெண்ணுக்கு முத்தம் வேண்டாம். கதைமுடிவில் கல்யாணமும் வேண்டாம். பதினெட்டுக்கு முன் கல்யாணம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இன்றும் தீராத பிரச்சினை, அதைப் பரிசாகக் காட்டக் கூடாது. “பனி போன்ற வெண்மை” அழகுக்கு அளவுகோலாக வரவே கூடாது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களின் மக்களை மந்திரவாதிகளாக்குவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். குள்ளர்களைச் சிரிப்புக்கு வைப்பதும் அப்படியே.

அளவும் பேச்சும்

முதல் நாவலுக்கு 35,000 முதல் 40,000 சொற்கள் போதும். 1,700 சொல் கொண்ட 22 அத்தியாயம் என்று பிரித்தால் கைக்குள் நிற்கும். தினம் 500 சொல் எழுதினால் இரண்டரை மாதத்தில் முதல் வரைவு. காலத்துக்கு மா மரத்தையே நாட்காட்டியாக்குங்கள்: தையில் பூ, மாசியில் நாடா, சித்திரையில் இரண்டாம் கதவு, வைகாசியில் பழம். பழம் தின்னும் காட்சி 15 அல்லது 16-ம் அத்தியாயத்தில் வரட்டும். அதற்கு முன்பே வந்தால் தூக்கத்துக்குப் பிறகு எழுத ஒன்றும் இருக்காது என்று பயப்படுவீர்கள், பின்னால் வந்தால் முடிவு அவசரப்படும்.

விவரணை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு ஊர்ப்பேச்சில். “அன்பே, இந்தச் சுவையான கனியை உண்பாயாக” என்பது டப்பிங் படம். கதவுக்கு வெளியே நிற்கும் கிழவி இப்படிப் பேசுவாள்:

“கண்ணு, கதவத் தொற. செந்தூரா, மரத்துலயே பழுத்தது. காசு வேணாம், ருசி பாத்துச் சொல்லு.”

“வேணாம் ஆயா. கெளம்புங்க.”

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதை போனால் தெலுங்கும் கன்னடமும் கலக்கும். பாட்டி அவ்வா ஆவாள். ஒவ்வொரு வரியிலும் வட்டாரச் சொல்லைத் திணிக்காதீர்கள். பக்கத்துக்கு நாலைந்து சொல் போதும், காது மீதியைக் கேட்டுக்கொள்ளும்.

உரிமையும் முதல் வாசகர்களும்

இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. வில்ஹெல்ம் கிரிம் இறந்தது 1859, யாக்கோப் 1863. அவர்கள் கதை எல்லோருக்கும் பொது. ஆனால் அண்மையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பின் வரிகள் மொழிபெயர்ப்பாளருடையவை, எடுக்கக் கூடாது. 1937 திரைப்படம் குள்ளர்களுக்குச் சூட்டிய பெயர்களையும் தொடாதீர்கள்; அமெரிக்காவில் அந்தப் படம் இன்னும் உரிமைக் காலத்தில் இருக்கிறது, மின்நூல் எல்லை பார்த்து விற்பதில்லை.

வரைவு முடிந்ததும் ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கொடுங்கள். இரண்டு பேராவது மூலக்கதை தெரியாதவர்களாக இருக்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். பென்சில் கொடுத்து, படிப்பதை நிறுத்திய இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று பிரதிகளில் ஒரே பக்கத்தில் கோடு இருந்தால், அதற்கு ஐந்து பக்கம் முன்னால் போய்த் திருத்தத் தொடங்குங்கள்.