சவாரி ஜாக்கெட்டுக்கு உள்ளே என்ன அணிவது: தென்னாப்பிரிக்க வெயிலுக்கு ஏற்ற உள்ளுடையைத் தேர்ந்தெடுத்தல்

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் டர்பன் காற்று எப்படி இருக்கும் என்பதைச் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வெருலத்திலும் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெப்பமானி 30 பாகையைக் காட்டும் நாளில்கூட, கடலிலிருந்து வரும் ஈரத்தால் உடலில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களில் பலர் ஜாக்கெட்டை வீட்டில் மாட்டிவிட்டு டி-சட்டையோடு என்2 நெடுஞ்சாலையில் ஏறிவிடுவது இந்த மாதங்களில்தான். கீழே விழுந்தால் தோலைக் காப்பது அந்த ஜாக்கெட்தான் என்பதால், அதை வெயிலிலும் கழற்றாமல் அணிய உதவும் எதையும் நாம் அக்கறையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். கடைகளில் பேஸ் லேயர் என்ற பெயரில் விற்கப்படும் மெல்லிய உள்ளுடை அப்படிப்பட்ட ஒன்று. அதை வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

உள்ளுடை தானாகக் குளிர்ச்சியைத் தருவதில்லை. குளிர்ச்சியைத் தருவது வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேல் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. அதே ஒரு லிட்டர் முதுகு வழியாக ஓடிக் கால்சட்டையின் இடுப்புப் பட்டியில் தேங்கினால், உடலில் நீர்தான் குறையுமே தவிர, குளிர்ச்சி கிடைக்காது. ஆகவே தோலில் துளியாக நிற்கும் வியர்வையை உறிஞ்சி, அகலமாகப் பரப்பி, ஜாக்கெட்டின் காற்றுத் துளைகள் வழியாக வரும் காற்றுக்கு அதைக் காட்டுவதே நல்ல உள்ளுடையின் வேலை. தொட்டவுடன் சில்லென்று இருக்கிறது என்பதற்காகக் ‘கூலிங்’ என்று அச்சிட்ட துணியை வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சில்லிப்பு, துணி உடல்சூட்டுக்கு வந்த சில நிமிடங்களில் போய்விடும்; அதன் பிறகு உள்ள பல மணி நேரமும் ஈரத்தைப் பரப்பும் திறன்தான் துணைக்கு வரும்.

இதற்குப் பருத்தி ஏன் பொருந்தாது என்பது பலருக்கும் ஏற்க முடியாத செய்தி, ஏனெனில் வெயிலுக்குப் பருத்தி என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். வேட்டிக்கும் தளர்ந்த சட்டைக்கும் அது முழு உண்மை. அங்கே துணிக்கும் உடலுக்கும் இடையில் காற்று தாராளமாக ஓடுகிறது. ஜாக்கெட்டுக்கு அடியில் நிலைமை வேறு. பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். நனைந்த டி-சட்டை கனத்து, தோலோடு ஒட்டி, தோள்பட்டையிலும் அக்குளிலும் மடிப்புகளாகச் சுருண்டுவிடும். அந்த மடிப்பின் மேல் முழங்கை, தோள் ஆர்மர்கள் (ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காப்புப் பட்டைகள்) அழுந்தும்போது ஒரு மணி நேரத்தில் தோல் கன்றிப்போகும்.

அதற்கு மாற்றாகக் கிடைக்கும் துணிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பாலியஸ்டரும் நைலானும், இழுபடும் இழையான ஸ்பாண்டெக்ஸும் கலந்த செயற்கைத் துணி ஒன்று. மெரினோ கம்பளி மற்றொன்று. பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. வியர்வை இழைகளுக்கு இடையிலான இடைவெளியில் ஓடிப் பரவி விரைவாக உலர்கிறது. மெரினோ இழையோ தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தோலுக்கு உலர்ந்ததாகவே படும். நாற்றமும் எளிதில் பிடிக்காது. கம்பளி என்றதும் வெப்பம் என்று எண்ண வேண்டாம். சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் எடையுள்ள மெரினோ துணி கைக்குட்டையைப் போல் மெல்லியது. மெரினோ செம்மறிகள் 1789இல் கேப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவை; இன்றும் கரு (Karoo) எனப்படும் வறண்ட உள்நாட்டுப் பகுதியிலும் கிழக்குக் கேப்பிலும் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. இந்நாட்டிலேயே விளையும் இந்த இழையை, வெயில்காலத்துக்கு உதவாது என்று இந்நாட்டு ஓட்டுநர்களே ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

எந்தத் துணி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீங்கள் ஓட்டும் காற்று. டர்பன் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். அங்கே துணி எவ்வளவு மெல்லியதோ, பின்னல் எவ்வளவு துளைகள் உள்ளதோ அவ்வளவு நல்லது. வலைபோல் துளைகள் நிறைந்த மெஷ் ஜாக்கெட்டுக்குள் மெல்லிய பாலியஸ்டர் உள்ளுடை அணிவது இந்தக் காற்றுக்குச் சரியான இணை. டோங்காட்டிலிருந்து நகருக்குள் தினமும் வேலைக்கு வந்து போகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

கரு பகுதி வேறு உலகம். பியூஃபோர்ட் வெஸ்ட் வழியாக என்1 நெடுஞ்சாலையில் கேப் டவுனுக்குப் போகிறவரும், அப்பிங்டன் பக்கம் போகிறவரும் கோடையில் 35 பாகையைத் தாண்டிய வறண்ட காற்றைச் சந்திப்பார்கள். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 பாகை வரைதான். காற்று அதைவிடச் சூடானால், ஜாக்கெட்டின் துளைகளையெல்லாம் திறந்து வைப்பது குளிர்ச்சியைக் கொடுப்பதற்குப் பதிலாக உடலுக்குள் வெப்பத்தை ஏற்றும். வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதும் புரியாது. இங்கே ஈரத்தைச் சற்று நேரம் தாங்கி வைக்கும் துணிதான் உதவும். பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது முழுக்கை மெரினோ உள்ளுடையைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அப்படியே அணிந்து, ஜாக்கெட்டின் பெரிய துளைகளைப் பாதி மூடிக்கொண்டு புறப்பட்டால், அடுத்த நிறுத்தம் வரையிலான தூரத்தின் பெரும்பகுதியை நல்ல குளிர்ச்சியோடு கடக்கலாம். இதையே டர்பனில் செய்தால் நனைந்த துணியோடு நீராவியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். நீரில் ஊறவைத்து அணியும் கூலிங் வெஸ்ட்டுக்கும் இதே விதி பொருந்தும் என்பதால், கடற்கரையோரம் மட்டும் ஓட்டுகிறவர்கள் அதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 பாதை. காலையில் கடல்மட்டத்தில் வியர்க்க வியர்க்கப் புறப்பட்டு, வான் ரீனன் கணவாய் ஏறி, சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள நகரத்தை அடைகிறோம். கோடைப் பிற்பகல்களில் மேட்டுநிலத்தில் இடிமழை பிடிப்பது வழக்கம். நனைந்த உள்ளுடையோடு அந்த மழைக்காற்றில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்தில் பற்கள் கிட்டிக்கும். ஈரத்திலும் ஓரளவு கதகதப்பைத் தரக்கூடிய மெரினோவை இந்தப் பாதைக்கு நான் பரிந்துரைப்பது இதனால்தான். மெரினோ வாங்க இயலாதவர்கள் உலர்ந்த பாலியஸ்டர் உள்ளுடை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஹாரிஸ்மித்தில் மாற்றிக்கொள்ளலாம்.

துணியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பாலியஸ்டர் சுமார் 250 முதல் 260 பாகையில் உருகக்கூடியது. சாலையில் உடல் இழுபடும்போது உராய்வினால் எழும் வெப்பம், வெளியுடை தேய்ந்து துளைபட்ட இடத்தில் உள்ளுடையை எட்டினால், உருகிய இழை தோலில் ஒட்டிக் காயத்தை மோசமாக்கும். கம்பளி உருகாது, கருகும். மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு உடைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092இல் ஏஏ அல்லது அதைவிட உயர்ந்த ஏஏஏ வகுப்பைச் சேர்ந்த ஜாக்கெட்டோ நல்ல தோல் உடையோ அணிபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அவர்கள் பாலியஸ்டரைத் தயங்காமல் அணியலாம். ஒற்றை அடுக்கு ஜீன்ஸும் மலிவான மெஷ் ஜாக்கெட்டும் அணிபவர்கள் உள்ளே மெரினோ அணிவதே நல்லது. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பணத்தை முதலில் வெளியுடைக்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த உள்ளுடையும் சாலைத் தேய்மானத்தைத் தாங்காது.

கடையில் துணியைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. உள்ளுடையின் உட்புறத்தைத் திருப்பி, விரல்நுனியால் ஒரு துளி நீரை அதன் மேல் விடுங்கள். நல்ல துணியில் அந்தத் துளி உடனே தட்டையாகி, சில நொடிகளில் நாணய அளவுக்குப் பரவி, மறுபுறத்திலும் தெரியும். முத்துப்போல் உருண்டு நின்றால் அந்தத் துணி உங்கள் முதுகிலும் அதையேதான் செய்யும். பிறகு அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அக்குளிலும் முதுகின் நடுவிலும் பின்னல் சற்றே திறந்ததாக இருப்பது நல்ல வடிவமைப்பின் அடையாளம்.

அளவு துணியைப் போலவே முக்கியமானது. உள்ளுடை எங்கும் மடிப்பு விழாமல் உடலோடு படிந்திருக்க வேண்டும்; மூச்சை இழுத்து விடும்போது நெஞ்சை நெருக்கக் கூடாது. நின்றபடி போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாற்காலியில் அமர்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டி முன்னால் குனியுங்கள். அப்போது பின்பக்கம் இடுப்புக்கு மேல் ஏறினால், நெடுஞ்சாலையில் அந்த இடைவெளியில்தான் ஜாக்கெட்டைக் கால்சட்டையோடு இணைக்கும் ஜிப் உரசும். கைகள் மணிக்கட்டு வரை நீண்டிருக்க வேண்டும். அரைக்கை உள்ளுடையில் ஜாக்கெட்டின் உட்துணி முழங்கைத் தோலில் ஒட்டி, கழற்றும்போது கையோடு வெளியே இழுபட்டு வரும். கழுத்து சற்று உயர்ந்திருந்தால் ஜாக்கெட்டின் காலர் உரசாது. ஆனால் கழுத்தில் ஜிப் உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாகத் தைத்தவை மட்டுமே வேண்டும். தோளின் உச்சியில் தையல் வராமல் முன்னோ பின்னோ தள்ளியிருப்பது இன்னும் சிறப்பு. கால்களுக்கான உள்ளுடையில் தொடையின் உட்பக்கமும் உட்காரும் இடமும்தான் சோதனைக்குரியவை. மணிக்கணக்கில் ஒரே இருக்கையில் அமர்ந்திருப்பதால் அங்கே ஒரு தடித்த தையல் இருந்தாலே பயணம் கெட்டுவிடும். இதை அணியும்போது அடியில் பருத்தி உள்ளாடை அணிந்தால் பயனெல்லாம் வீணாகிவிடும். பெண்கள் ஸ்போர்ட்ஸ் பிராவின் பின்கொக்கி முதுகு ஆர்மருக்கு அடியில் வராதபடி, கொக்கி இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலுறை பூட்ஸின் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் அணியும் மெல்லிய தலையுறை தையல் மிகக் குறைந்ததாக இருக்க வேண்டும்.

துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கக் கூடாது. அது இழையின் மேல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுத்துவிடும். 30 பாகை நீரில், உட்புறத்தை வெளியே திருப்பித் துவைத்து, நிழலில் காயப்போட வேண்டும். டிரையரில் போட்டால் மெரினோ சுருங்கும், ஸ்பாண்டெக்ஸ் தளரும். பாலியஸ்டரில் நாற்றம் தங்கினால், துவைப்பதற்கு முன் வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒன்றை மட்டுமே வாங்க முடியுமானால், டர்பனுக்குள் ஓட்டுபவர் மேலுடம்புக்கான முழுக்கை பாலியஸ்டர் உள்ளுடையையும், உள்நாட்டுக்கு அடிக்கடி போகிறவர் மேலுடம்புக்கான 150 கிராம் மெரினோ உள்ளுடையையும் முதலில் வாங்கலாம். கால்களுக்கானதை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.